ஜாம் காய்த்த ஜூனிப்பர்

மெட்ரோ சாருக் என்பவரின் வீட்டு வேலியோரம் நின்ற ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தில், இந்த மே மாதம் ஒரு புதன்கிழமைக் காலையில் ஜாம் காய்த்தது.

நல்ல ஆரஞ்சு நிற ஜாம். பழம் பறித்து, சர்க்கரை போட்டு, அடுப்பில் வைத்துக் கிளறி இறக்கும் ஜாம் அல்ல. கிளையிலிருந்தே நேராகத் தளதளவென்று தொங்கியது. விரல் விரலாக, ஒரு கைக்குப் பதினாறு விரல் என்ற விகிதத்தில். லேசாகச் சுண்டிவிட்டால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நிற்காமல் ஆடியது. நாலு லிட்டர் ஐஸ்கிரீம் வாளியில் மூன்று வாளி இறக்கினார் மெட்ரோ. வீட்டில் நாலாவது வாளி காலியாக இருந்திருந்தால் நாலு.

கோதுமைச் சமவெளியின் நடுவில் இருக்கும் எல்க் பெண்ட் ஊரில் இதை ஒருவரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மெட்ரோவுக்குச் சர்ச்சில் வைத்த பெயர் டிமிட்ரோ. ஊர் வாய்க்கு மெட்ரோ. நாற்பது வருடம் தானியக் கிடங்கில் கோதுமை நிறுத்து ஓய்வு பெற்றவர். அந்தக் கிடங்கின் பெயர்ப்பலகையை ஒரு ஜூன் மாதம் கொசுக்கள் தூக்கிப்போய் அடுத்த ஊரில் இறக்கிவிட்டதாகவும், சரக்கு ரயிலில் போட்டுத் திரும்ப வரவழைத்ததாகவும் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறவர். ரயில்காரர் பெயரையும் சொல்வார். அப்படிப்பட்டவர் கூட்டுறவுக் கடையின் காபி மேசையில் வந்து உட்கார்ந்து, என் மரத்தில் ஜாம் காய்த்தது என்றால், காபி குடிக்க வந்தவர்கள் சிரிக்கத்தான் சிரிப்பார்கள். ரொட்டியும் அதே மரத்தில் காய்த்ததா என்று கேட்டார் லைல் பெஹர். மேசையே குலுங்கியது.

மெட்ரோ சிரிக்கவில்லை. மற்ற கதைகளையெல்லாம் ஊர் ரசிக்க வேண்டும் என்று சொன்னவர், இந்தக் கதையை மட்டும் பிடிபட வேண்டும் என்று சொன்னார். யாராவது ஒரு புண்ணியவான் காபியைக் கீழே வைத்துவிட்டு, 'அடப்பாவி, அது ஜாம் இல்லை, துரு நோய்ப் பூஞ்சை. உன் பக்கத்து வீட்டு மரத்தைக் கெடுத்தது அதுதான்' என்று சட்டையைப் பிடித்து உலுக்கமாட்டாரா என்று ஏங்கிப்போய்ச் சொன்னார். ஒருவரும் உலுக்கவில்லை. கோதுமைத் துருவைக் கனவில்கூட அடையாளம் காட்டக்கூடியவர்கள்தான் எல்லோரும். ஆனால் மெட்ரோ சொல்லும்போது யாரும் மூளையைத் திறந்து வைப்பதில்லை.

பக்கத்து வீடு வெர்னா டோலஃப்சனுடையது. முப்பத்தொரு வருடம் ஊர்த் தபாலாபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள். பார்சலின் மேல் 'புத்தகம்' என்று எழுதியிருந்தால் அதைக் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார். குலுக்கிப் பார்க்காத எதையும் அவர் இன்றுவரை நம்பியதில்லை.

அவருடைய கொல்லையில் ஒரு சாஸ்கட்டூன் மரம். கணவர் ஆர்விட், கல்யாணமான வருடம் ஆற்றுச் சரிவிலிருந்து முழங்கால் உயரக் கன்றாகத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து நட்டது. ஒரே வேரிலிருந்து பத்துப் பன்னிரண்டு தண்டுகளாகக் கிளம்பி, கூரை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆர்விட் அதைப் பார்த்துக்கொண்ட மாதிரி ஊரில் பலர் பிள்ளைகளைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. மார்ச் மாதம், பனி இன்னும் முழங்கால் ஆழம் கிடக்கும்போதே, மொட்டு விழிப்பதற்கு முன்னால், மூத்துப்போன தண்டுகள் இரண்டைத் தரையோடு ஒட்ட அறுத்துவிடுவார். இளந்தண்டில்தான் பழம் கனமாகப் பிடிக்கும். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளில் நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் களைவார். ஜூலையில் மரம் முழுக்க வலை போர்த்துவார். போர்த்தாத வருடம், கொண்டை வைத்த குருவிக் கூட்டம் ஒன்று விருந்துக்கு வந்த மாதிரி கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததாக மெட்ரோ சாட்சி சொல்வார்.

சாஸ்கட்டூன் பழம் நாவல் பழ நிறம், சுண்டைக்காய் அளவு. அந்தப் பழத்தில் வெர்னா கிளறும் ஜாமில் மூன்று பாட்டில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வேலிக்கு மேலாக மெட்ரோ வீட்டுக்கு வரும். இருபத்தாறு வருடம் ஒரு வருடம் தவறாமல் வந்தது.

ஐந்து வருடத்துக்கு முன் இலையுதிர் காலத்தில் ஆர்விட் இறந்துபோனார். அடுத்த வசந்தத்தில் மெட்ரோ ஜூனிப்பரை நட்டார்.

அது மனைவி அடலினுக்காக. ஆறு மாதம் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் அவிந்துபோகிறது, ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஏதாவது ஒன்றை நட்டுத் தொலையுங்கள் என்றார் அடலின். நகரத்து நாற்றுப் பண்ணைக்குப் போனார்கள். நீலமும் பச்சையும் கலந்த ஒரு ஜூனிப்பர், குளிருக்கு அசையாதது, அடலினுக்குப் பிடித்துவிட்டது. வண்டியில் ஏற்றும்போது பண்ணைப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, உங்க தோட்டத்துல சாஸ்கட்டூன் இருக்கா? இது ரெண்டும் பக்கத்துல ஆகாது. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் துரு பிடிக்கும்."

"என் தோட்டத்துல இல்லம்மா" என்றார் மெட்ரோ.

எழுபத்திரண்டு வயது வரை அவர் பேசியதில் இம்மியும் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. அவர் தோட்டத்தில் இல்லைதான். வேலிக்கு அந்தப் பக்கம், எட்டடி தள்ளி இருந்தது. ஆர்விட் உயிரோடு இருந்திருந்தால், ஜூனிப்பரை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே வேலியில் கையூன்றி, 'அதைத் திருப்பி ஏத்து' என்றிருப்பார். அந்த வசந்தத்தில் வேலியருகே வந்து எட்டிப் பார்க்க, விஷயம் தெரிந்த யாரும் இல்லை. அது தனக்கு வசதியாக இருந்ததை மெட்ரோ மறக்க முயன்றார், முடியவில்லை.

மூன்றாவது கோடையில் சாஸ்கட்டூன் இலைகளில் மஞ்சள் பொட்டுகள் வந்தன. நாலாவது கோடையில், அதாவது போன வருடம் ஜூலையில், வெர்னா ஒரு சாஸரில் பத்துப் பழத்தை வைத்துக்கொண்டு மெட்ரோவைத் தன் சமையலறைக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு பழத்திலும், மூன்று நாள் சவரம் செய்யாத முகவாய் போல, வெளிறிய முட்கள் குத்திட்டு நின்றன. தொட்டால் ஆரஞ்சுப் பொடி உதிர்ந்தது. தானியம் பார்த்த மனுஷன் நீ, இது என்னவென்று சொல் என்றார் வெர்னா. சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

பண்ணைப் பெண்ணின் குரல் மெட்ரோவின் காதில் மணியடித்த மாதிரி கேட்டது. ஆனால் வாய் வேறொன்றைச் சொல்லிற்று.

"வறட்சிதான் வெர்னா. மழை இல்லல்ல."

அன்றிலிருந்து வெர்னா தினமும் காலையில் குழாயைப் பிடித்து, மரத்துக்குத் தலையோடு தண்ணீர் ஊற்றினார். இலை நனைய நனைய நோய் கொண்டாடியது. ஜன்னலுக்குள்ளிருந்து மெட்ரோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆகஸ்டில் ஜாம் பாட்டில் வரவில்லை. அதற்குப் பதிலாக வெர்னா ஒரு மன்னிப்புக் கேட்டார், இந்த வருடம் கொடுக்க முடியவில்லை என்று. மெட்ரோ அந்தக் குளிர்காலம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. பதினெட்டு கிலோ இளைத்ததாகச் சொன்னார், தராசில் அரைக் கிலோதான் தெரிந்தது.

இந்த மே மாதம் திங்களும் செவ்வாயும் விடாமல் மழை. புதன் காலை அவர் கதவைத் திறந்தபோதுதான் ஜூனிப்பர் முழுக்க அந்த ஆரஞ்சு விரல்கள். குளிர்காலம் முழுக்கக் கிளையில் பழுப்பு மருக்களாக ஒளிந்திருந்த நோய், மழைத் தண்ணீர் குடித்து ஊதி, வெளியே வந்து கையாட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சாஸ்கட்டூன் பூத்திருந்தது. பாதிக் கிளை காய்ந்துபோயிருந்தாலும் மீதிப் பாதியில் இலைக்கு முன்னால் வெள்ளையாகப் பூ. காற்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடித்தது.

மெட்ரோ வாளிகளை எடுத்துக்கொண்டு ஓடினார். எட்டிய வரைக்கும் மருவோடு சேர்த்துப் பிடுங்கினார். மூன்று வாளியையும் கொண்டுபோய்க் குப்பை எரிக்கும் பீப்பாயில் கொட்டி, டீசல் ஊற்றிக் கொளுத்தினார். கொளுத்தி முடித்துத் திரும்பினால் வேலிக்கு அப்பால் வெர்னா நின்றிருந்தார். புகையைப் பற்றிக் கேட்கவில்லை. சனிக்கிழமை லைல் பெஹர் தன் பிக்கப் வண்டியையும் சங்கிலியையும் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். சாஸ்கட்டூனை வேரோடு இழுத்துவிடப் போகிறாராம்.

"இன்னொரு ஜூலை அந்தத் தாடி வச்ச பழத்தப் பாக்க என்னால முடியாது மெட்ரோ. அவர் இருபத்தெட்டு வருஷம் வச்சுக் காப்பாத்தினார். என் கைக்கு வந்து அஞ்சு வருஷம். நான்தான் கொன்னுட்டேன்."

மெட்ரோ அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவரோ காபி மேசைக்கு ஓடினார். அங்கே ஜாம் கதையைச் சொல்லி, யாராவது தனக்காக உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள் என்று காத்திருந்து, சிரிப்பை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். அடலினிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். அடலின் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியால் கதவைக் காட்டினார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மரம் எனக்கா செத்துது? பச்ச வேணும்னு கேட்டவ நான், அதுக்கு வேணா நானும் கூட வரேன். போய்ச் சொல்லுங்க."

வியாழக்கிழமை அவர் போய்ச் சொன்னார். தனியாகத்தான் போனார். வேலியோரம் நின்று, ஒரு சொல் கூட்டாமல், உன் மரத்துக்கு வந்த நோய் என் ஜூனிப்பரிலிருந்து வந்தது, நேற்று அதில் ஆரஞ்சு ஜெல்லியாகத் தொங்கிற்று, மூன்று வாளி எரித்தேன், உன் தண்ணீரிலும் தப்பில்லை, கையிலும் தப்பில்லை என்றார். சொல்லச் சொல்ல, தன் வாயிலிருந்து வருவது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது. கொசு தூக்கிப்போன பெயர்ப்பலகை மாதிரியே கேட்டது.

வெர்னா ஜூனிப்பரைப் பார்க்க வேண்டும் என்றார். வந்து பார்த்தார். புதன் மத்தியானமே வெயில் வந்து, சமவெளிக் காற்றும் சேர்ந்துகொண்டு, உச்சியில் கைக்கு எட்டாமல் விட்டிருந்த மிச்சத்தையும் உலர்த்திச் சுருட்டியிருந்தது. குச்சியின் மேல் பழுப்பாக நாலு முடிச்சு, அவ்வளவுதான். வெர்னா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, ஒரு கிளையைப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை.

"இந்த மாதிரி முடிச்சு என் முழங்கைல கூட ஒண்ணு இருக்கு."

அப்புறம் அவர் முகம் இளகிவிட்டது. அதுதான் மெட்ரோவால் தாங்க முடியாமல் போன இடம். வெர்னா கை நீட்டி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"எனக்காகத்தான் சொல்றேன்னு தெரியுது. இதுவரைக்கும் நீ அளந்ததுலயே இதுதான் நல்ல பொய். நன்றி மெட்ரோ."

நன்றி. மெட்ரோ அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாற்பது வருடத்தில் கிடங்கில் தூக்கிய அத்தனை கோதுமையும் அதன் எடைக்கு வராது. அன்று பூராவும் எங்கே உட்கார்ந்தாலும் நாற்காலி சுட்டது. குற்றத்தை ஒத்துக்கொண்டு திட்டு வாங்கியவனுக்காவது மூச்சு விட முடியும். ஒத்துக்கொண்டு, அதற்கு நல்லவன் என்று பேரும் வாங்கியவன் என்ன செய்வது?

வெள்ளி காலை அவர் ஏணியைச் சாத்தி ஜூனிப்பரின் உச்சிக்கு ஏறினார். மருக்கள் நெருக்கமாக இருந்த ஒரு கிளையை வெட்டினார். ஐஸ்கிரீம் வாளியில் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, வெர்னாவின் சமையலறைக் கதவைத் தட்டினார். போன ஜூலையில் உட்கார்ந்த அதே நாற்காலியைக் காட்டினார் வெர்னா.

"தண்ணி குடு வெர்னா. வாளி நெறைய. கிளை முழுக்க முங்கணும்."

"ஜாம் காய்க்கறதுக்கா?"

"ஆமா."

வெர்னா சிரித்துக்கொண்டே ஊற்றினார். மெட்ரோ ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்றார். சும்மா உட்காருவானேன் என்று வெர்னா தேநீர் போட்டார், ரொட்டியை வெட்டினார், அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். மரம் நன்றாக இருந்த வருடத்து சாஸ்கட்டூன் ஜாம். வீட்டில் இருந்த கடைசி பாட்டில். யாராவது வரும்போது திறக்கலாம் என்று வைத்திருந்தாராம். மூடியைத் திருகித் திறந்து மெட்ரோவின் ரொட்டியில் தாராளமாகத் தடவினார். மெட்ரோ ஒரு வாய் கடித்தார். அது வாயிலேயே இருந்தது. விழுங்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

சுவர்க் கடிகாரம் சத்தம் போட்டது. பத்து நிமிடத்தில் ஒன்றும் இல்லை. இருபது நிமிடத்திலும் இல்லை. வெர்னா ஆர்விட்டைப் பற்றிப் பேசினார். பனியில் முழங்காலிட்டுத் தண்டறுக்கும்போது ஏன் தொப்பி போடமாட்டார் என்று. அரை மணி கழிந்து, பேச்சின் நடுவில் அவர் வாளியைத் திரும்பிப் பார்த்து நிறுத்தினார்.

பழுப்பு முடிச்சுகளின் விளிம்பில் ஆரஞ்சுக் கோடு விழுந்திருந்தது. முடிச்சு வெடித்து, உள்ளேயிருந்து நாக்குநுனி போல ஒன்று எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. ஒரு மணி ஆவதற்குள் கிளை முழுக்க விரல்கள் புடைத்துத் தண்ணீருக்குள் தளதளத்தன. மெட்ரோவின் கண்ணுக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு முழம். உண்மையில் நகத்து நீளம் இருக்கும். வெர்னா வாளியின் விளிம்பைப் பிடித்து மெதுவாகக் குலுக்கினார். அத்தனையும் ஆடின. விரலால் ஒன்றைத் தொட்டார். போன வருடம் பழத்தில் பார்த்த அதே நிறம் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டது.

"இது எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

கேட்ட குரல் தபாலாபீஸ் ஜன்னல் குரல். மெட்ரோ பண்ணைப் பெண் கேட்டதைச் சொன்னார். தான் சொன்ன பதிலையும் சொன்னார். ஒரு சொல்லையும் கூட்டவில்லை. கூட்டாமலே போதுமான அளவுக்கு இருந்தது.

வெர்னா ஜாம் பாட்டிலை எடுத்து மூடினார். மூடி இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

"போன ஜூலை இதே நாற்காலில உக்காந்திருந்த. நான் அழுதேன். வறட்சின்ன. அந்தக் கோடை முழுக்கத் தெனமும் நான் அது தலைல தண்ணி ஊத்தினேன், நீ ஜன்னல் வழியாப் பாத்துட்டிருந்த. அவர் போட்டோ முன்னாடி நின்னு எத்தன நாள் மன்னிப்புக் கேட்டிருக்கேன் தெரியுமா?"

கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த ரொட்டியை மெட்ரோ அப்போதுதான் விழுங்கினார். அது முள்ளாக இறங்கியது.

"திட்டு வெர்னா" என்றார் கடைசியில்.

"திட்டத்தான் போறேன். இன்னிக்கு இல்ல. இன்னிக்கு முடிச்சுட்டா உனக்கு லேசாப் போயிடும். கொஞ்சம் கொஞ்சமாத் திட்டறேன், நீ இருக்கற வரைக்கும்."

பிறகு எழுந்து ஜன்னல் வழியாகச் சாஸ்கட்டூனைப் பார்த்தார். காய்ந்த கிளைகளைப் பார்த்தார், பூத்தவற்றைப் பார்த்தார். வேர் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது, நோய்க் கிளையையெல்லாம் வெட்டி எரித்து, கிழத் தண்டுகளைத் தரையோடு அறுத்தால் புதுசாகக் கிளம்பும், பழம் பார்க்க மூன்று நாலு வருடம் ஆகும் என்றார் மெட்ரோ. நாலு வருடமும் மார்ச்சில் நீ வந்து பனியில் முழங்காலிட்டு அறுக்கிறாய், நான் இந்த ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார் வெர்னா. தொப்பி போடக் கூடாது என்றும் சொன்னார். மெட்ரோ தலையாட்டினார். அப்போது அவரைப் பனியில் நாலு வருடமும் எழுந்திருக்காமல் முழங்காலிடச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

வெர்னா சுவரில் மாட்டியிருந்த டெலிபோனை எடுத்து லைல் பெஹரைக் கூப்பிட்டார்.

"லைல், வெர்னா பேசறேன். நாளைக்கு வா, சங்கிலியோடயே வா. ஆனா மரம் வேற. வேலிக்கு அந்தப் பக்கம். ஆமா, மெட்ரோவோட ஜூனிப்பர்."

மறுமுனையில் லைல் சிரித்த சிரிப்பு டெலிபோனைத் தாண்டி, மேசையைத் தாண்டி, அடுத்த ஊர் வரைக்கும் கேட்டது. எது, அந்த ஜாம் மரமா, காய்ப்பு நின்றுபோய்விட்டதா, மெட்ரோ பொய்யை ஒத்துக்கொண்டானா என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். வெர்னா வாளியைப் பார்த்தார். ஆரஞ்சு விரல்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மெட்ரோவையும் பார்த்தார்.

"சிரிக்காத லைல். காய்ச்சுது. என் மேசை மேலயே காய்ச்சுது, நான் பாத்தேன்."